நடக்கிற தூரத்தில் ஒரு வாடகை அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை மண்ணடியில் 23 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பிழைப்பு முக்கால்வாசி படிவம் நிரப்புவதில் ஓடுகிறது. ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், வாரிசுச் சான்று, பத்திரத் தாளில் வாடகை ஒப்பந்தம் என்று எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். இந்தத் தெருக்களில் யார் குடிவருகிறார்கள், யார் காலி செய்கிறார்கள் என்பது தரகருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தச் சூழல் எப்படி இருக்கும் என்பதை என் கடைப் படியில் தினமும் பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் சாயங்காலம். கடை எதிரே நடைபாதையில் இருக்கும் குடும்பத்துப் பெண், அப்போது ஏழாம் வகுப்பு, சீருடையோடு வந்து நின்றாள். ஏதோ படம் பிரிண்ட் எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். “அண்ணா, இந்தப் பைய ராவுக்கு மட்டும் இங்க வெச்சுக்கவா? மழ வர்ற மாதிரி இருக்கு” என்றாள். அரசு கொடுத்த பைதான். உள்ளே ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாகத் துணிக்கடை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். முந்தின வாரம் பெய்த மழையில் சமூக அறிவியல் புத்தகம் ஊறிப்போய்விட்டதாம். நடுப்பக்கங்கள் எல்லாம் அப்பளம் மாதிரி உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைக் காட்டினாள். சரி வை என்று மெஷினுக்குக் கீழே தள்ளினேன்.

மறுநாள் மூன்று பை வந்தது. அந்த மாத முடிவில் ஏழு. இப்போது மழைக்காலம், வெயில்காலம் என்று கணக்கில்லாமல் பதினோரு பை என் கடையில் இரவு தங்குகிறது. சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். முதலில் தரையில்தான் வைத்தேன். ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சுண்டலைப் பொட்டலத்தோடு பைக்குள் மறந்துவிட்டான், பெருச்சாளி பையையே கடித்துக் குதறிவிட்டது. ஜார்ஜ் டவுன் பெருச்சாளியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சங்கடம், பிள்ளைகளுக்குப் பை எட்டேகாலுக்குள் கைக்கு வர வேண்டும். ஒன்பதரைக்குக் கடை திறந்துகொண்டிருந்தவன் இப்போது ஏழே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்குகிறேன். என் மனைவி கேட்கிறாள், “நீங்க கடை வெச்சிருக்கீங்களா, கிளோக் ரூம் வெச்சிருக்கீங்களா?”

என்னை நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். கடை ஆரம்பித்த புதிதில் இரவு ஷட்டரை இறக்கும்போது படியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போவேன். ஈரமாக இருந்தால் யாரும் படுக்க மாட்டார்கள், காலையில் கழுவுகிற வேலை மிச்சம். இந்த வரிசையில் எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் செய்தோம். இன்றும் சில கடைகளில் செய்கிறார்கள்.

முதல் பை கொண்டுவந்த பெண்ணின் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வீடு என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அப்பா மீன்பாடி வண்டி, அதாவது மிதித்து ஓட்டும் சரக்கு வண்டி, ஓட்டுகிறார். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளிலிருந்து சரக்கு ஏற்றி லாரி புக்கிங் ஆபீசில் இறக்குவார். நடை இருக்கிற நாளில் 700, 800 கிடைக்கும். அம்மா காலை ஐந்தரைக்கே கிளம்பி மூன்று அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் பூக்கட்டி விற்கிறார். ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, கொத்தவால் சாவடிச் சந்தையில் மூட்டையிலிருந்து சிந்துகிற அரிசியைப் பொறுக்கிச் சேர்த்து விற்றவர். 1996-இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. இவர்கள் போகவில்லை, மளிகையும் இரும்பும் காகிதமும் இங்கேயேதான் இருந்தன. மூன்று தலைமுறை. வாக்காளர் அட்டையில் எங்கள் தெருப் பெயரைப் போட்டு, எந்தக் கட்டடத்துக்கு எதிர்ப்புறம் என்று அச்சடித்திருக்கிறது. தேர்தலின்போது எல்லாக் கட்சிக்காரர்களும் அந்த முகவரியைச் சரியாகக் கண்டுபிடித்து வருகிறார்கள்.

“சம்பாதிக்கிறார்களே, வாடகைக்கு ஒரு ரூம் எடுக்க வேண்டியதுதானே?” என்று என் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். வாடகை ஒப்பந்தம் அடிக்கிறவன் என்பதால் கணக்கு எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் பத்துக்குப் பத்து அறை, வெளியே பொதுக் கழிவறை, வாடகை ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம். அதையாவது முட்டி மோதிக் கொடுத்துவிடலாம். ஐம்பது, அறுபதாயிரம் அட்வான்ஸுக்கு எங்கே போவது? வீட்டு வாடகைக்கு மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் வருடத் தமிழக வாடகைச் சட்டம் சொல்கிறது. ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்ற வாலும் அதிலேயே இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துத்தான் ‘எட்டு மாத முன்பணம், இரு தரப்பும் மனமுவந்து’ என்று நான் தட்டச்சு செய்கிறேன். இரு தரப்பில் ஒரு தரப்பு மனமுவந்து கொடுத்ததை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அட்வான்ஸ் புரட்டினாலும் முடிந்தபாடில்லை. “எத்தனை பேர்? ஆறா? தண்ணி பத்தாதும்மா.” “எங்கருந்து வர்றீங்க? பிளாட்பாரமா?” அதோடு கதவு சாத்தியாகிவிடும். யூனிட்டுக்கு இத்தனை என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் கரண்டு பில்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. அந்தக் குடும்பம் தண்டல் கட்டுகிறது. தண்டல் தெரியாத வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பத்தாயிரம் கடன் என்று பேசி, கையில் 8,500 கொடுப்பார்கள்; மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள் வசூல். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். மாதத்துக்கு 3,000 ரூபாய் ஒரு நாள் தவறாமல் கட்டிவிடுகிறார்கள். குளிக்க, கழிவறைக்கு என்று கட்டணக் கழிப்பிடத்தில் ஆளுக்குக் கொடுப்பது தனி. பெண்பிள்ளை வயதுக்கு வந்த பிறகு அந்தச் செலவு இரண்டு மடங்கு. அது இரவு பத்துக்கு மூடிவிடும் என்பதால் அவள் சாயங்காலம் ஆறுக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாள். ஆக இவர்கள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் இல்லை. வாசலில் ஒரே தடவையாகக் கொட்டிக் கொடுக்கும் பணம் இல்லாதவர்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். வீடு கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் லாரி வந்தது. இந்தத் தெருவிலிருந்து சில குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய் நகரத்தின் தெற்குக் கோடியில் அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீட்டுச் சாவி கொடுத்தார்கள். எந்த இடம், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சென்னையில் கண்ணகி நகர் 2000-ஐ ஒட்டித் தொடங்கியதிலிருந்து செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இதுதான் வழக்கமாக இருக்கிறது. எங்கள் மண்ணடியை ஒட்டிய பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

அன்று அந்தப் பெண்ணின் பை என் கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்பதால் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அப்பா வந்துதான் வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். என்னம்மா ஆச்சு என்று அம்மாவைக் கேட்டேன். “வூடு நல்ல வூடுதாண்ணா. பாத்ரூம் உள்ளயே இருக்கு, ஃபேன் இருக்கு, கதவு தாப்பா போட்டுத் தூங்கினோம். ஆனா காலைல அஞ்சரைக்கு இங்க வேலைக்கு நிக்கணும்னா அங்க எத்தன மணிக்குக் கிளம்பறது?” என்றார். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரணப் பேருந்தில் கட்டணம் கிடையாது, அந்த வகையில் புண்ணியம். ஆனால் அந்த நேரத்துக்குப் பேருந்து வேண்டுமே. அவர் கணவர் மீன்பாடி வண்டியை 30 கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு வர முடியாது. அதனால் அவர் வண்டியிலேயே படுத்து இங்கேயே கிடந்தார், குடும்பம் அங்கே. அங்கே பக்கத்தில் வீட்டுவேலை தேடிப் போனால், குடியிருப்பின் பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்றார்களாம். மூன்று அலுவலகத்தில் இரண்டு கைவிட்டுப் போயிற்று. கரண்டு பில், பராமரிப்புக் கட்டணம், கேன் தண்ணீர் எல்லாம் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பெண் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளி மாறினால் பொதுத்தேர்வுப் பதிவு குழப்பமாகும் என்று பழைய பள்ளிக்கே வந்தாள். இலவச பஸ் பாஸ் இருந்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காலைச் சிற்றுண்டித் திட்டத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு அங்கே பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்தது. வருட நடுவில் வந்தவன் என்பதால் புத்தகம் கைக்கு வரவில்லை, பழைய பள்ளியில் வாங்க வேண்டிய மாற்றுச் சான்றிதழுக்கு அலைய யாருக்கும் நேரமில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதை நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அவன் அதற்குள் பள்ளிக்கூடத்தை மறந்து ஒரு பஞ்சர் கடையில் நின்றுகொண்டிருந்தான். பெண் பாஸ் செய்துவிட்டாள், கணக்கில் மட்டும் 37. தம்பி இப்போது மீண்டும் பள்ளிக்குப் போகிறான், ஒரு வருடம் பின்னால்.

“வீடு கொடுத்தாலும் வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே வந்து படுக்கிறார்கள்” என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆமாம், அப்படிச் செய்தவர்களும் உண்டு, மறைக்கவில்லை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள வீட்டை விட்டுவிட்டு, ஆறு அடிக்கு நாலு அடி தார்ப்பாய்க்குக் கீழே வயசுப் பெண்ணைப் படுக்கவைக்க ஒரு தாய் திரும்பி வருகிறாள் என்றால் அவளுக்குச் சோம்பேறித்தனமா, வேறு வழி இல்லையா? இதில் ஒரு வேடிக்கை, ஒதுக்கீடு பெற்றவர்கள் என்று பெயர் ஏறிவிட்டதால் இப்போது இவர்கள் வீடற்றவர்கள் பட்டியலிலேயே இல்லை. காகிதத்தில் குடியிருக்கிறார்கள்.

உயர் நீதிமன்றம் இங்கிருந்து நடக்கிற தூரம். வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாக நகலெடுக்க வருவார்கள். அப்படி ஒரு நாள் கையில் கிடைத்து, மெஷின் ஓடுகிற நேரத்தில் படித்ததுதான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. இவர்கள் நடைபாதையில் இருப்பதே வேலை பக்கத்தில் இருப்பதால்தான், அங்கிருந்து அப்புறப்படுத்தினால் பிழைப்பு போகும், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று அதில் இருக்கிறது. நடைபாதையைக் காலி செய்ய நகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நாற்பது வருடமாக எல்லா ஊர்களும் பின்னால் உள்ளதை மட்டும் படித்துவிட்டு லாரி அனுப்புகின்றன.

இரவுக் காப்பகங்கள் இருக்கிறதே என்பீர்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு மாநகராட்சி திறந்ததைப் பார்த்தேன், சிலவற்றுக்குப் படிவம் நிரப்பி ஆள் அனுப்பியும் இருக்கிறேன். முதியவர்களுக்கும் தனி ஆட்களுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அப்பா ஓரிடம், அம்மாவும் பெண்ணும் வேறிடம், பதின்மூன்று வயதுப் பையன் மூன்றாவது இடம் என்றால் எந்தக் குடும்பம் போகும்? அதைவிடப் படிதான் தேவலை என்று வந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளை பெரியவளானதும் விடுதியில் சேர்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கிற தாய்மார்கள் இந்தத் தெருவில் மூன்று பேர் இருக்கிறார்கள். பெற்றோர் இருக்கிற பிள்ளைகள்தான். பெற்றோரிடம் கதவு இல்லை.

நான் கேட்பது இலவச வீடு இல்லை. இவர்களும் அதைக் கேட்கவில்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில், மூன்று கிலோமீட்டருக்குள், அரசே கட்டி அரசே வைத்துக்கொள்ளும் வாடகை அறைகள். அட்வான்ஸ் கூடாது. விற்கவோ கைமாற்றவோ பட்டா கொடுக்கவோ வேண்டாம். தண்டல்காரருக்குப் போகிற அந்த 3,000 வாடகையாக வரட்டும், வாரா வாரம் வசூலித்தால் இன்னும் நல்லது. தினக்கூலிக்காரனுக்கு முதல் தேதி என்பது மற்றவர்களுக்குத்தான் வரும்.

நடக்கிற காரியமா என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் கட்டடத்தை அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் பல ஊர்களில் நடக்கின்றன. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஆள் தங்கினால்தான் தொழில் நடக்கும் என்று அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பாரிமுனையும் ஒரு தொழிற்சாலைதான், மேலே கூரை இல்லை, அவ்வளவே. இங்கே மூட்டை தூக்குகிறவரும் ஆபீஸ் கூட்டுகிறவரும் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும் என்று எந்த மொத்த வியாபாரியையும் கேட்டுப் பாருங்கள்.

இடம் இல்லை என்ற பதில் வரும். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று எழுதிப்போட்டு, குடிசை இருந்த அதே இடத்தில் மாடி கட்டினார்கள். கடற்கரையில் நொச்சிக்குப்பம் அப்படி வந்ததுதான். இன்னமும் நாங்கள் அதை ஹவுசிங் போர்டு என்றுதான் சொல்கிறோம், வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியும் போயிற்று. அந்தக் காலத்து வீடுகளை இப்போது வரிசையாக இடித்துப் புதிதாக உயர்த்திக் கட்டுகிறார்கள். பழைய குடியிருப்புக்காரர்களுக்குக் கொடுத்தது போக ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு தளத்தை வாடகைக்கு என்று ஒதுக்கிவைத்தால் போதும், புது நிலம் எதற்கு? ஒரே கவலை, கட்டுகிறதை உருப்படியாகக் கட்ட வேண்டும். புளியந்தோப்பில் புதுக் கட்டடத்தின் பூச்சு கை வைத்தால் உதிர்கிறது என்று 2021-இல் ஊரெல்லாம் பேசியதை மறந்திருக்க மாட்டோம்.

கட்டி முடிக்க எப்படியும் வருடங்கள் ஆகும். அதுவரை குடும்பமாகத் தங்கும் காப்பகம் நாலைந்து இந்தப் பக்கம் திறக்கலாம். பிள்ளைகள் படிக்க ஒரு மேஜை, இரவு பத்து வரை விளக்கு, பை வைக்க ஒரு அலமாரி இருந்தால் போதும். அப்புறம், கண்டிப்பாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதத்தில் மாற்றுங்கள். லாரி அப்போதும் ஓடும்.

கடைசியாக ஒன்று. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் தேதி ஓர் இரவில் வீடற்றவர்களை எண்ணினார்கள், நாடு முழுக்க 17.7 லட்சத்துச் சொச்சம் பேர் என்று வந்தது. 2021-இல் வர வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. நடுவிலும் அவ்வப்போது டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது கணக்கெடுக்க வருகிறார்கள். காலை பதினொரு மணிக்கு வருகிறார்கள். சுருட்டிக் கட்டிய தார்ப்பாயையும், அதன் பக்கத்தில் தூங்குகிற ஆயாவையும் பார்த்து, ஒரு ஆள் என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து இரவு பத்தரைக்கு மேல் வரச் சொல்லுங்கள். பகலில் வந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
மண்ணடி, சென்னை - 1